அன்னாசி: ஒரு பேரினப் பெயரின் வரலாறு

பெங்களூரின் ஈஜிபுரா போன்று தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் பகுதிகளில், ஒரே பழம் தமிழில் அன்னாசி எனவும் கன்னடத்தில் அனானஸ் எனவும் பெயர் பெறுகிறது. இரண்டிற்கும் மூலம் ஒன்றே. தென் அமெரிக்கத் தூப்பி மொழிச் சொல் போர்ச்சுகீசியத்தில் புகுந்து, அவர்கள் வழியே இந்தியாவை அடைந்தது. சகர மெய்யில் சொல் முடியாத தமிழ், இகரம் சேர்த்து அதனை ஏற்றது. மலையாளமோ தாழையையும் பலாவையும் உவமையாக்கிக் கைதச்சக்க என்றது.

தாவரவியலில் இப்பெயர் உடனே நிலைபெறவில்லை. லின்னேயஸ் 1753-இல் இச்செடியை, புரோமிலியஸ் என்பாரின் நினைவாகப் பெயர் பெற்ற புரோமிலியா பேரினத்துள் அடக்கி, அனனாஸ் என்பதைச் சிற்றினப் பெயராக்கினார். 1754-இல் பிலிப் மில்லர் அதனைத் தனிப் பேரினமாக்கினார். பேரினப் பெயரே சிற்றினப் பெயராக மீண்டும் வருவதைத் தாவரவியல் விதி ஏற்பதில்லை. ஆகவே, லின்னேயஸ் மற்றோரிடத்தில் ஆண்ட, குடுமியுடையது எனப் பொருள்படும் கொமோசா என்னும் அடையைப் பால் இயைபுக்கேற்பத் திரித்து, 1917-இல் மெரில் அனனாஸ் கொமோசஸ் என அமைத்தார்.

குடும்பப் பெயரில் தனியொருவரும், பேரினப் பெயரில் ஒரு மக்களின் சொல்லும் நிலைத்துள்ளமை நோக்கத்தக்கது. அன்னாசியை அயற்சொல்லென விலக்கும் மொழிபெயர்ப்பாளர், அறிவியற் பெயரோடு தமிழுக்கு இயல்பாகவே அமைந்த உறவினையும் இழப்பர்.