ஜூல் எ ஜிம் (திரைப்படம்)

ஜூல் எ ஜிம் (ஜூலும் ஜிம்மும்) 1962 ஜனவரியில் வெளியான பிரெஞ்சுக் காதல் திரைப்படம். பிரான்சுவா த்ரூஃபோ இயக்கிய மூன்றாவது முழுநீளப் படம் இது. ழான் மோரோ, ஆஸ்கர் வெர்னர், ஆன்றி செர் ஆகியோர் நடித்துள்ளனர். பிரெஞ்சுப் புதிய அலையின் முக்கியப் படைப்புகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

கதை

முதல் உலகப் போருக்கு முந்தைய பாரிஸ். ஆஸ்திரியரான ஜூலும் பிரெஞ்சுக்காரரான ஜிம்மும் உயிர் நண்பர்கள். இருவரையும் ஈர்க்கும் கத்தரீன், ஜூலை மணக்கிறாள். போரில் நண்பர்கள் எதிரெதிர் அணிகளில் நிற்கிறார்கள். நண்பனையே சுட்டுவிடுவோமோ என்ற அச்சம் இருவரையும் வாட்டுகிறது.

போருக்குப் பின் ரைன் நதிக்கரை வீட்டுக்கு வரும் ஜிம்மிடம் ஜூல் தன் மணவாழ்வின் விரிசலைச் சொல்கிறான். திருமணத்துக்கு முன்தினம் ஜூலின் தாய் கத்தரீனைப் புண்படுத்த, அவன் வாய்திறக்கவில்லை. அவள் பழைய காதலனிடம் சில மணி நேரம் போய்வந்து, கணக்கைத் தீர்த்துக்கொண்ட பிறகே மணமேடை ஏறினாள். அவளை அடியோடு இழப்பதற்கு அஞ்சி, ஜிம்மின் கையில் அவளை ஒப்படைக்க ஜூல் சம்மதிக்கிறான். ஆனால் ஜிம்முக்குப் பாரிஸில் ஜில்பெர்த் என்ற காதலி உண்டு. கத்தரீனுக்கும் ஆல்பெர் என்பவனுடன் தொடர்பு உண்டு. இறுதியில் கத்தரீன், ஜூல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஜிம்மைக் காரில் ஏற்றி உடைந்த பாலத்திலிருந்து ஆற்றுக்குள் செலுத்துகிறாள்.

மூலம்

ஆன்றி-பியேர் ரொஷே எழுபது வயதைக் கடந்தபின் எழுதி, 1953இல் வெளியிட்ட முதல் நாவலே படத்தின் மூலம். பழைய புத்தகங்களுக்கு நடுவே த்ரூஃபோ இதைக் கண்டெடுத்தார். எழுத்தாளர் ஃபிரான்ஸ் ஹெஸல், அவர் மனைவி ஹெலன் கிருண்ட் ஆகியோருடனான ரொஷேயின் சொந்த உறவே கதையாயிற்று. படத்தில் ஜூல்-கத்தரீன் தம்பதிக்கு ஒரு மகள்; நிஜத்தில் ஹெஸல் தம்பதிக்கு இரண்டு மகன்கள்.

ஆக்கம்

திரைக்கதையை த்ரூஃபோவும் ழான் கிரூவோவும் எழுதினர். ராவுல் கூத்தாரின் கறுப்பு-வெள்ளை அகலத்திரை ஒளிப்பதிவில் கேமரா ஓடுபவர்களோடு ஓடுகிறது. கத்தரீனின் முகம் சட்டென உறைந்து நிற்கிறது. போர்க் காட்சிகளுக்குப் பழைய ஆவணப் படச்சுருள்கள் பயன்பட்டன. பின்னணிக் குரல் நாவலின் நடையிலேயே, உணர்ச்சிவசப்படாமல் கதையை நகர்த்துகிறது. இசை ஜார்ஜ் தெலெரூ. மோரோ பாடும் புகழ்பெற்ற பாடலை எழுதிய செர்ஜ் ரெஸ்வானியே ஆல்பெராகவும் நடித்தார்.

வரவேற்பு

பிரான்சில் 18 வயதுக்கு உட்பட்டோர் பார்க்கத் தடை விதிக்கப்பட்டது. துரோகம் இழைப்பவர் எவரையும் படம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. ரொஷே 1959இல் காலமானதால் படத்தைப் பார்க்கவில்லை. ஹெலன் கிருண்ட் பார்த்தார். அவர் 1982 வரை வாழ்ந்தார்.