பறங்கிக்காயும் இரண்டு அடுப்புகளும்: கூனிமேட்டுக் கடற்கரையை முன்வைத்து ஒரு பண்டிகைப் பண்டத்தின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நவம்பர் மாதம் நான்காம் வியாழக்கிழமை கொண்டாடப்படும் நன்றி நவிலல் நாளிலும், அதைத் தொடர்ந்து வரும் கிறிஸ்துமஸ் காலத்திலும் வீடுதோறும் சுடப்படும் ‘பம்ப்கின் பை’ என்னும் பண்டம், மாவினால் செய்த ஓட்டுக்குள் பறங்கிக்காய் விழுது, பால், முட்டை, சர்க்கரை ஆகியவற்றைக் கலந்த பூரணத்தை ஊற்றி, மூடிய அடுப்பின் வெப்பத்தில் இறுகவைத்துப் பெறப்படுவதாகும். தமிழகத்தின் வட கடலோரத்திலும் அதே காய், அடுத்து வரும் மார்கழி, தை மாதங்களில், பால் கூட்டாகவும் பொங்கல் குழம்பாகவும் பண்டிகை இலையில் இடம் பெறுகிறது. காய் ஒன்றாகவும் காலம் ஏறத்தாழ ஒன்றாகவும் இருக்க, பண்டம் மட்டும் இரு வேறு வடிவம் கொண்டது ஏன் என்னும் வினாவை, விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் உப்பளக் கரையை ஒட்டி அமைந்த கூனிமேட்டை நிலைக்களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. காய் கரையேறிய வழியையும், மணப்பொருள்கள் கரை கடந்த வழியையும், அடுப்பு மாறிய வழியையும் ஒருங்கே வைத்து நோக்கினால், வேறுபாட்டின் வேர் காயிலோ நாவின் விருப்பத்திலோ இல்லாமல் அடுப்பிலேயே இருப்பது புலப்படும்.

பெயரில் பதிந்த பயணம்

பறங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. மெக்சிகோவின் ஒஹாக்கா பகுதியில் உள்ள கிலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த விதைகள், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அதன் இனம் ஒன்று அங்கே பயிரிடப்பட்டதைக் காட்டுகின்றன. கொலம்பஸின் 1492ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பிறகே அது பிற கண்டங்களை அடைந்தது. ரோம் நகரின் பார்னெசினா மாளிகையில் ரபேலின் பட்டறையினர் 1515க்கும் 1518க்கும் இடையில் தீட்டிய காய்கனி மாலைகளில் அதன் உருவம் காணப்படுவதால், ஒரு தலைமுறைக்குள்ளாகவே ஐரோப்பியத் தோட்டங்களில் அது வேர்பிடித்துவிட்டது எனலாம்.

தமிழ்நாட்டுக்கு அது எவர் வழியாக வந்தது என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது. ‘பறங்கி’ என்பது, மேற்கு ஐரோப்பியரைக் குறிக்க அரபியிலும் பாரசீகத்திலும் வழங்கிய ‘பிராங்கு’ என்னும் இனப்பெயரின் திரிபு. தமிழகத்தில் அது முதலில் போர்த்துகீசியரையும் பின்னர் ஐரோப்பியர் அனைவரையும் சுட்டியது. பரங்கிமலை, பரங்கிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர்களில் வாழும் அதே சொல்தான் இந்தக் காயின் பெயரிலும் நிலைத்துள்ளது. மலையாளத்தில் முந்திரி மரம் ‘பறங்கிமாவு’ என்றும் மிளகாய் ‘பறங்கிமுளகு’ என்றும் வழங்குவது, கடல் கடந்து வந்த பயிரை அதைக் கொண்டுவந்தவன் பெயராலேயே அழைக்கும் வழக்கம் தென்னிந்தியக் கரைகள் இரண்டுக்கும் பொதுவாக இருந்ததை உறுதிப்படுத்துகிறது.

எனினும் இப்பெயர் தமிழர் வாழும் நிலம் முழுவதும் பரவவில்லை. கொங்கு நாட்டில் அது அரசாணிக்காய். தென் மாவட்டங்களில் மஞ்சள் பூசணி அல்லது சர்க்கரைப் பூசணி. இலங்கையில் பூசணி என்றும் வட்டக்காய் என்றும் வழங்கும். பூசணி என்னும் பெயர், ஆசியாவுக்கே உரிய, காசி அல்வாவுக்கும் திருஷ்டி கழிப்பதற்கும் பயன்படும் வெண்பூசணிக்கு முன்பே உரியதாக இருந்தது. ஆகவே சில வட்டாரங்கள் வந்த காயை அதன் அயன்மையால் அடையாளம் கண்டன என்றும், பிற வட்டாரங்கள் தமக்குப் பழகிய காயின் இளைய உறவாக அதை ஏற்றுக்கொண்டன என்றும் கொள்ளலாம்.

கூனிமேடும் கடல்வழி வணிகமும்

கூனிமேட்டை உள்ளடக்கிய கடலோரம் மிகப் பழைய வணிக நிலமாகும். மரக்காணத்தைச் சங்க நூலான சிறுபாணாற்றுப்படை குறிக்கும் எயிற்பட்டினம் என அறிஞர்கள் அடையாளம் காண்கின்றனர். அங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. ஐரோப்பியர் காலத்தில் இக்கரை மேலும் நெருக்கமான வணிகக் களமாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமிலும் நாகப்பட்டினத்திலும் குடியேறினர். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் பழவேற்காட்டிலும், டேனியர் 1620இல் தரங்கம்பாடியிலும், பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியிலும் நிலைகொண்டனர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1680களில் கூனிமேட்டில் ஒரு பண்டசாலையை, அதாவது சரக்குகளை வாங்கிச் சேர்த்துவைத்துக் கப்பலேற்றும் வணிக நிலையத்தை, நடத்தியது. அக்கம்பெனியின் பதிவேடுகளில் ‘கானிமீர்’ எனத் திரிந்து காணப்படும் இவ்வூரின் முக்கியத்துவம், 1690இல் கடலூருக்கு அருகில் புனித டேவிட் கோட்டை வாங்கப்பட்ட பின் குன்றியது.

இத்தகைய பண்டசாலைகள் முதன்மையாக நாடியது துணியை. சோழமண்டலக் கரையின் துணிவகைகள் தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் பணத்துக்கு நிகராகச் செல்லுபடியாயின. மலுக்குத் தீவுகளின் கிராம்பும், பண்டாத் தீவுகளின் சாதிக்காயும் சாதிபத்திரியும் இத்துணிகளைக் கொடுத்தே பெரிதும் வாங்கப்பட்டன. டச்சுக்காரர் பழவேற்காட்டில் கால் ஊன்றியதற்கு இதுவே தலையாய காரணம். இலங்கையின் இலவங்கப்பட்டையையும் மலையாளக் கரையின் சுக்கையும் இவற்றோடு சேர்த்துப் பார்த்தால், பம்ப்கின் பையின் மணம் எனப்படுவது பெரும்பாலும் இந்தியப் பெருங்கடலின் மணமே என்பதும், அதன் ஒரு பங்கு சோழமண்டல நெசவாளரின் தறியில் விலை கொடுக்கப்பட்டது என்பதும் விளங்கும். காய் மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. மணப்பொருள்கள் கிழக்கிலிருந்து மேற்கே போயின. இரு போக்குகளும் இக்கரையின் துறைகளைத் தொட்டே நடந்தன.

மூடிய அடுப்பில் உருவான வடிவம்

பறங்கிக்காயை மாவு ஓட்டுக்குள் இட்டுச் சுடும் முறை ஐரோப்பியரின் பழைய பழக்கத்திலிருந்து பிறந்தது. இறைச்சியையும் பழத்தையும் மாவுக் கூட்டில் பொதிந்து செங்கல் அடுப்பில் வேகவைக்கும் மரபு அங்கே இடைக்காலம் முதல் வேரூன்றியிருந்ததால், புதிய காயும் இயல்பாகவே அக்கூட்டுக்குள் புகுந்தது. பிரெஞ்சுச் சமையற்கலைஞர் லா வரேன் 1651இல் வெளியிட்ட நூலில் பாலும் வெண்ணெயும் சேர்ந்த பறங்கிக்காய்ப் பூரணத்தை மாவுத் தட்டில் இட்டுச் சுடும் குறிப்பு உள்ளது. அமெரிக்கர் ஒருவர் எழுதிய முதல் சமையல் நூலாகக் கருதப்படும் அமேலியா சிம்மன்சின் ‘அமெரிக்கன் குக்கரி’, 1796இல் கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்டில் அச்சாயிற்று. அதில் இரண்டு செய்முறைகள் தரப்பட்டுள்ளன: ஒன்று பாலேடும் ஒன்பது முட்டைகளும் சாதிக்காய், சாதிபத்திரி, இஞ்சி ஆகியனவும் சேர்ந்த செல்வர் வீட்டு முறை; மற்றது பாலும் நான்கு முட்டைகளும் சர்க்கரைப் பாகுக் கழிவும் கொண்ட எளியவர் முறை. அதே கனெடிகட்டில் உள்ள யேல் பல்கலைக்கழகம், புனித டேவிட் கோட்டை வாங்கப்பட்டபோது சென்னையின் ஆளுநராக இருந்த எலிகு யேலின் பெயரைத் தாங்கி நிற்பதும், 1718இல் அவர் அனுப்பிய சரக்குகளை விற்ற பணம் அக்கல்லூரிக்கு உதவியதும், இரு கரைகளுக்கும் இடையே நிலவிய பிணைப்பின் மற்றொரு சான்று.

பண்டம் பண்டிகையோடு இணைந்தது 19ஆம் நூற்றாண்டில். எழுத்தாளர் சாரா ஜோசபா ஹேல் பல ஆண்டுகள் இடைவிடாது வலியுறுத்தியதை அடுத்து, 1863இல் அதிபர் லிங்கன் நன்றி நவிலல் நாளை நாடு தழுவியதாக அறிவித்தார். 1929இல் லிப்பி நிறுவனம் டின்னில் அடைத்த பறங்கி விழுதை விற்பனைக்குக் கொண்டுவந்ததும், காயை வெட்டி வேகவைத்து வடிகட்டும் உழைப்பு நீங்கி, பண்டம் எல்லா வீடுகளுக்கும் எளிதாயிற்று. இதில் தமிழ் வாசகர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. டின்னில் அடைக்கப்படும் ‘டிக்கின்சன்’ வகை, தமிழகத்தில் பரவலாக விளையும் பறங்கியின் இனமாகிய ‘குக்குர்பிட்டா மொஸ்சாட்டா’வையே சேர்ந்தது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட, ஏழு, எட்டு கிலோ எடையுள்ள கோ 1 வகையும், இரண்டு கிலோவுக்கு மிகாத கோ 2 வகையும் இவ்வினத்தினவே. சந்தையில் கீற்றுப் போட்டு விற்கும் காய் பம்ப்கின் பைக்கு ஏற்றதன்று என்னும் எண்ணத்துக்கு ஆதாரமில்லை.

திறந்த அடுப்பில் உருவான வடிவம்

தமிழ்ச் சமையலின் அடுப்பு மேலே திறந்தது; அதன் வெப்பம் கீழிருந்து மட்டுமே வரும். அதில் வேகவைத்தல், வதக்கல், பொரித்தல், ஆவியில் அவித்தல் ஆகியன இயலும். நாற்புறமும் சூழும் உலர்ந்த வெப்பம் இயலாது. ஆகையால் பறங்கிக்காய் இங்கே கிண்டும் பண்டமாகவும் கொதிக்கும் பண்டமாகவும் வடிவெடுத்தது. தஞ்சைப் பகுதியில் சிறப்புற்ற பால் கூட்டு, இளம் பறங்கியைப் பாலில் வேகவைத்து, வெல்லமோ சர்க்கரையோ சேர்த்து, அரிசி மாவு கரைத்து இறுகச்செய்து பெறப்படுவது. பம்ப்கின் பையிலிருந்து முட்டையையும் மாவு ஓட்டையும் நீக்கினால் எஞ்சுவது ஏறத்தாழ இதுவே. அங்கே முட்டை செய்யும் வேலையை இங்கே அரிசி மாவு செய்கிறது.

அயலிலிருந்து வந்த இக்காய் தமிழர் பண்டிகைக்குள் எவ்வளவு ஆழமாகப் புகுந்தது என்பது வியப்புக்குரியது. தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் ஆகியவற்றை அயற்காய் என விலக்கும் ஆசாரமான சமையலிலும், திருவாதிரைக் களியோடு வைக்கும் ஏழுகறிக் கூட்டில் பறங்கிக்காய் இடம் பெறுகிறது. பொங்கல் படையலில் அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றோடு அது நாட்டுக்காயாகவே எண்ணப்படுகிறது. மார்கழிக் கோலத்தின் நடுவில் சாணிப் பிள்ளையாரின் தலையில் செருகப்படுவது அதன் மஞ்சள் பூ. பெயரில் அயலார் முத்திரை நீங்காதிருக்க, வழக்கில் அயன்மை முழுதும் நீங்கிவிட்ட காய் இதைப்போல் வேறொன்று அரிது.

மூடிய வெப்பத்தைத் தமிழ்நிலம் அறியவே இல்லை என்பதும் பொருந்தாது. இலங்கைத் தமிழில் ரொட்டி சுடும் அடுப்பைக் குறிக்கும் ‘போறணை’ என்னும் சொல் போர்த்துகீசிய ‘போர்னோ’விலிருந்தும், அதில் சுடும் ‘பாண்’ அம்மொழியின் ‘பாவ்’ என்னும் சொல்லிலிருந்தும் வந்தவை. கடலோர முஸ்லிம் குடும்பங்களில் சட்டியின் மூடிமேல் தணலைப் பரப்பிக் கீழும் மேலும் வெப்பம் படும்படி ‘தம்’ போடும் முறை உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் வட்டலப்பம், முட்டையையும் தேங்காய்ப்பாலையும் வெல்லத்தையும் ஏலத்தையும் கலந்து ஆவியில் இறுகவைக்கும் பண்டமாதலால், பம்ப்கின் பையின் பூரணத்துக்கு அடிப்படையான முட்டைப்பால் நுட்பம் இக்கடற்கரைக்குப் பழக்கமானதே. குறையாக இருந்தது வீட்டுக்குள் ஒரு போறணை இல்லாமையே. அது நெடுங்காலம் ரொட்டிக்கடைக்காரரின் உடைமையாகவே இருந்தது.

உப்பின்மேல் ஒரு போறணை

அக்குறையை 20ஆம் நூற்றாண்டில் தமிழகத்து வீடுகள் தாமே தீர்த்துக்கொண்டன. குக்கரின் ரப்பர் வளையத்தையும் குண்டையும் நீக்கி, அடியில் மணலையோ கல்லுப்பையோ இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து மூடினால், அப்பாத்திரம் சிறு போறணையாகிவிடும். கிறிஸ்துமஸ் கேக் பல வீடுகளில் இவ்வாறே சுடப்பட்டது. உப்பு உருகுவதற்கு 801 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டுமாதலால், அடுப்பின் சூட்டில் அது உருகாமல் வெப்பத்தை வாங்கிச் சீராகப் பரப்புகிறது. கல்லுப்பின் பரல்களுக்குள் சிறைப்பட்ட ஈரம் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். அந்தப் படபடப்பு அடங்கும்வரை, ஏறத்தாழ பத்து நிமிடம், வெறும் உப்பைச் சூடாக்கிய பின்னரே தட்டை உள்ளே வைக்க வேண்டும்.

இம்முறையில் பம்ப்கின் பை செய்ய, ஒரு கிலோ பழுத்த பறங்கிக் கீற்றை நீர் விடாமல் ஆவியில் வேகவைத்து, மசித்து, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். காயின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதால், வடியவிடாத விழுது பூரணத்தை இறுகவிடாது; தொங்கவிட்ட துணியிலிருந்து மஞ்சள் நீர் சொட்டுவது நின்று, விழுது கரண்டியில் ஒட்டி நிற்பதே பதம். இவ்விழுதில் 400 கிராம் எடுத்து, பாதியாகக் குறுக்கி ஆறவைத்த பால் 300 மில்லி, முட்டை இரண்டு, தூளாக்கிய பனைவெல்லம் 150 கிராம், சிறிது பட்டை, சுக்கு, சாதிக்காய்த் தூள், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்து அடிக்கலாம். கடலோர வெக்கையில் வெண்ணெய் கைபட்டதும் இளகுமாதலால், மைதா ஓட்டுக்குரிய வெண்ணெயையும் நீரையும் குளிர்வித்துப் பயன்படுத்துவதும், பிசைந்த மாவைத் தேய்ப்பதற்கு முன் அரைமணி நேரம் குளிர்ச்சியில் வைப்பதும் இன்றியமையாதவை. ஓட்டை முதலில் வெறுமையாக அரைவேக்காடு சுட்ட பின் பூரணத்தை ஊற்றி, சிறு தீயில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். ஓரம் இறுகி, நடுவில் மட்டும் தயிர்போல் மெல்ல அசையும் நிலையில் இறக்குவது சரியான பதம். அதற்குமேல் சூடேறினால் முட்டை திரிந்து நீர் விடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், பம்ப்கின் பையும் பறங்கிக்காய்ப் பால் கூட்டும், ஒரே கடல் வணிகம் ஒரே காலத்தில் இரு திசைகளில் இட்ட விதைகள் என்பதும், நாற்புறம் மூடிய அடுப்பு ஒன்றையும் மேலே திறந்த அடுப்பு மற்றொன்றையும் வடித்தன என்பதும் தெளிவாகின்றன. ஆகவே ஒன்றை அயலார் பண்டம் என்றும் மற்றொன்றை நம் பண்டம் என்றும் பிரிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. காயின் பெயரில் பறங்கியரும், பையின் மணத்தில் கிழக்குக் கடலும் நீங்காது இருக்கின்றனர். மழைக்காலம் ஓய்ந்து தை பிறந்தபின் மரக்காணத்துப் பாத்திகளில் தொழிலாளர் வாரிக் குவிக்கும் கல்லுப்பு, கூனிமேட்டு வீட்டு அடுப்பில் ஒரு போறணையின் தளமாக அமையும்போது, நானூறு ஆண்டுகளாகப் பிரிந்து கிடந்த அவ்விரு அடுப்புகளும் ஒரே பாத்திரத்துக்குள் வந்து சேர்கின்றன.