ஒட்டாரு: பாதி தூர்ந்த கால்வாய்

துறைமுக நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கப்பல்களின் கணக்கையும் வணிகத்தின் கணக்கையும் தந்து அமைந்துவிடுவர். ஜப்பானின் வடதீவாகிய ஹொக்கைடோவின் மேற்குக் கரையில், மலைச்சரிவிலிருந்து இஷிகாரி விரிகுடாவை நோக்கி இறங்கும் ஒட்டாரு நகரை அவ்வாறு எழுதி முடித்தல் இயலாது. அந்நகரின் கரையோரம் ஓடும் கால்வாய் ஒன்றைத் தூர்ப்பதா, காப்பதா என்று அதன் மக்கள் பத்தாண்டுகளுக்கு மேல் தமக்குள் வழக்காடினர். 1986இல் பணிகள் நிறைவெய்தியபோது கால்வாயின் பெரும்பகுதி நெடுக, அகலத்தில் பாதி சாலையாகியிருந்தது. மற்றப் பாதி நீராகவே நின்றது.

ஒட்டாரு என்னும் பெயர் ஜப்பானியச் சொல் அன்று. ஐனு மொழியில் ‘மணற்கரையில் ஓடும் ஆறு’ எனப் பொருள்படும் தொடரொன்றின் திரிபு அது. நகரின் வடபகுதியான தெமியாவில், 1866இல் கண்டறியப்பட்ட குகை ஒன்றில், ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைச் செதுக்கல்கள் உள்ளன. எனினும் அரசாங்க வரலாறு இவ்வூரை மீனிலிருந்தே தொடங்குகிறது. இளவேனிலில் முட்டையிடக் கரைக்கு வரும் ஹெரிங் மீன்திரளால் கடலே பால்போல் வெளுத்துவிடுமாம். அம்மீனில் பெரும்பங்கு உணவாகவில்லை. வேகவைத்துப் பிழிந்து உரமாக்கப்பட்டு, பாய்க்கப்பல்களில் மேற்கு ஜப்பானின் பருத்தி வயல்களுக்குச் சென்றது. வலையிழுத்தவர்களுள் ஐனு மக்களும் இருந்தனர். ஊதியத்தை வரையறுத்தோர் வணிகர். 1869இல் தீவுக்கு ஹொக்கைடோ எனப் பெயரிட்ட மெய்ஜி அரசு, பின்னர் ஐனு மக்களின் நிலங்களை உரிமையாளர் அற்றவை எனக் கொண்டு குடியேறியோருக்குப் பங்கிட்டது. ஊரின் பெயரில் தங்கிய அம்மொழி ஊரின் தெருக்களில் தங்கவில்லை.

1880இல் தெமியாவுக்கும் சப்போரோவுக்கும் இடையே ஹொக்கைடோவின் முதல் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வருவித்த இன்ஜின்கள் அதில் ஓடின. 1882இல் பாதை ஹொரொனாய் நிலக்கரிச் சுரங்கம் வரை நீண்டதும், உள்நாட்டுக் கரி முழுவதும் ஒட்டாருவை நோக்கி இறங்கலாயிற்று.

கரி வந்தது, கப்பல் நிற்க அமைதியான நீர் இல்லை. குளிர்காலத்து வடமேற்குக் காற்று எழுப்பும் அலைகளைத் தாங்கும் பொருட்டு, 1897இல் வடக்கு அலைதடுப்புச் சுவரின் கட்டுமானம் தொடங்கிற்று. பொறுப்பேற்ற ஹிரோய் இசாமி, சப்போரோ வேளாண் கல்லூரியில் நிதோபே இனாசோ, உச்சிமுரா கன்சோ ஆகியோருடன் ஒரே வகுப்பில் பயின்றவர். கான்கிரீட் பாளங்களை நேராக அடுக்காமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கும் முறையை அவர் மேற்கொண்டார். அம்முறைக்கு அவர் கண்முன் இருந்த முன்மாதிரி இலங்கையின் கொழும்புத் துறைமுகம். 1885இல் நிறைவுற்ற கொழும்பின் அலைதடுப்புச் சுவர், தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளைத் தாங்க அவ்வாறே சாய்வடுக்காக எழுப்பப்பட்டது. தென்கடலில் தேறிய ஒரு கலை பனிபெய்யும் வடகடலில் வேரூன்றிற்று எனலாம்.

சிமெண்டு அந்நாளில் விலைமிக்கது. கடல்நீரில் எத்தனைக் காலம் உறுதியாயிருக்கும் என்பதும் ஐயத்துக்குரியதாயிருந்தது. ஹிரோய் அதனுடன் எரிமலைச் சாம்பலைக் கலந்தார். கலவை காலத்தை வெல்லுமா என்று அறிய, இழுத்து முறித்துச் சோதிப்பதற்கான சிறு கட்டிகளைப் பல்லாயிரக்கணக்கில் வார்த்து, நீரிலும் காற்றிலும் வைத்துவிட்டுச் சென்றார். 1,289 மீட்டர் நீளமுள்ள அச்சுவர் 1908இல் நிறைவுற்றது. இன்றும் அலையைத் தாங்குகிறது. அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்தும், அவர் பிறவாத காலத்துப் பொறியாளர்கள் அக்கட்டிகளை எடுத்து முறித்து வலிமையைக் குறித்துவந்துள்ளனர். தம் சொல் தமக்குப் பின்னும் நிற்குமா என்று ஐயுறும் புலவரின் கவலைக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

1905இல் ரஷ்யாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் தெற்குச் சகாலின் ஜப்பானுக்கு வந்தது. அத்தீவுக்குச் செல்லும் வாயிலாக ஒட்டாரு கொழித்தது. வங்கிகள் நிறைந்த அதன் தெருக்களை ‘வடக்கின் வால் ஸ்ட்ரீட்’ என்றழைத்தனர். தத்சுனோ கிங்கோவின் பங்களிப்புடன் ஜப்பான் வங்கியின் கிளை 1912இல் அங்கு எழுந்தது. தீக்கு அஞ்சிய வணிகர்கள், மரச்சட்டங்களின் மேல் மென்கல் பதித்த பண்டகசாலைகளைக் கட்டினர். 1914இல் தொடங்கி 1923இல் முடிந்த கால்வாயும் அவ்வளத்தின் விளைவே. அது நிலத்தை அகழ்ந்து வெட்டியதன்று. கடலின் ஒருபகுதியை மண்ணிட்டு மேடாக்கி, பழைய கரைக்கும் புதிய மேட்டுக்கும் இடையே விட்டுவைத்த நீர்வழி. ஆகவேதான் அது கரையின் போக்கிலேயே மெல்ல வளைந்து செல்கிறது. 40 மீட்டர் அகலமுள்ள அந்நீரில், ஆழ்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து சரக்குத் தோணிகள் வரும். சுமைதூக்குவோர் முதுகில் ஏற்றிப் பண்டகசாலைகளில் அடுக்குவர்.

இத்துறைமுகத்தின் மெய்யான முகத்தைக் காட்டியவர்கள் எழுத்தாளர்களே. 1907 இலையுதிர்காலத்தில், ஹக்கொடாதே நகரைத் தீ விழுங்கிய பின்னர், தங்கா கவிஞர் இஷிகாவா தக்குபொக்கு இங்குப் புதிதாகத் தொடங்கிய நாளிதழில் செய்தியாளராக வந்து சேர்ந்தார். பின்னாளில் குழந்தைப் பாடல்களால் புகழ்பெற்ற நொகுச்சி உஜோ அவருடன் பணியாற்றினார். அலுவலகச் சச்சரவு கைகலப்பாக முடிய, தக்குபொக்கு டிசம்பரில் வேலையை விட்டார். அடுத்த மாதம் மனைவியையும் குழந்தையையும் ஒட்டாருவிலேயே விட்டுக் குஷிரோவுக்குத் தனியே சென்றார். வணிகமே மூச்சாயிருந்த இவ்வூருக்குக் கவிஞரை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

அதே 1907இல், நான்கு வயதுக் குழந்தையாக அகிதாவிலிருந்து இவ்வூருக்கு வந்தவர் கொபயாஷி தக்கிஜி. பெரியப்பாவின் ரொட்டிக்கடையை அண்டி வளர்ந்து, ஒட்டாரு உயர் வணிகப் பள்ளியில் பயின்று, 1924இல் வங்கி எழுத்தரானார். பகலில் பேரேடு, இரவில் கதை. 1927இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். 1929இல் வெளிவந்த ‘கனிக்கோசென்’ என்னும் நண்டுத்தொழிற் கப்பல் கதை அவரை நாடறியச் செய்தது. அவ்வாண்டே, ஊரில் வாழாத நிலக்கிழாரைப் பற்றிய புதினம் வெளியானதும் வங்கி அவரை நீக்கியது. 1933 பிப்ரவரி 20ஆம் நாள் தோக்கியோவில் கைதான அவர், அன்றே காவல்நிலையத்தில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தார், வயது 29. மாரடைப்பு என்று காவல்துறை அறிவித்தது. மகனின் உடலில் இருந்த காயங்களைத் தாய் செக்கி கண்டார். ஏறத்தாழ 75 ஆண்டுகள் கழித்து, 2008இல், நிலையான வேலையற்ற இளைஞர்கள் அக்கதையைத் தேடிப் படித்தனர். பல இலட்சம் படிகள் விற்றன.

அதே பள்ளியில் தக்கிஜிக்கு ஓராண்டு இளையவர் இத்தோ செய். 1926இல் பனியொளி படர்ந்த பாதையைத் தலைப்பாகக் கொண்ட தம் முதற் கவிதைத் தொகுதியைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். 1956இல், அப்பள்ளி நாட்களையும் தக்கிஜியையும் நினைந்து, இளங்கவிஞன் ஒருவனின் உருவப்படமாக ஒரு நூல் எழுதினார். ஒருவர் சுமைதூக்குவோரின் முதுகைக் கண்டார்; மற்றவர் அதே தெருவில் பனியின் வெளிச்சத்தைக் கண்டார். இரண்டும் ஒட்டாருவே.

1945இல் சகாலின் போயிற்று. 1950களில் ஹெரிங் திரள்கள் வராமல் நின்றன. கரியின் இடத்தை எண்ணெய் பிடித்தது. 1963இல் பசிபிக் கரையில் தொமகொமாய் துறைமுகம் திறந்தது. புதிய கப்பல்துறைகள் அமைந்தபின் தோணிகளுக்கு வேலையில்லை. கால்வாயில் சேறு மண்டி நாறிற்று. 1966இல் அதனை முற்றிலும் தூர்த்து ஆறுவழிச் சாலை அமைக்க நகராட்சி திட்டமிட்டது. சாலைக்காக அரிஹொரோ பகுதியின் கல் பண்டகசாலைகள் இடிபட்டபோதுதான், இழப்பது இன்னதென்று மக்கள் உணர்ந்தனர்.

1973 டிசம்பரில் கால்வாய்க் காப்புச் சங்கம் பிறந்தது. 1978இல் அதன் தலைமையை மினெயாமா ஃபுமி என்னும் பெண்மணி ஏற்றார். அவ்வாண்டே இளைஞர்கள் கால்வாய்க் கரையில் விழா எடுத்தனர். எதிர்த்தவர்களும் ஊரின் பகைவர் அல்லர். பிழைப்புத் தேய்ந்த ஊருக்குச் சாலை வேண்டும் என்பது அவர்கள் வாதம். வழக்கு நீண்டது. 1983 நவம்பரில் தூர்க்கும் பணி தொடங்கியது. மறு ஆண்டில் சங்கமே பிளவுற்றுக் கலைந்தது. 1986இல் எஞ்சிய 20 மீட்டர் நீரின் ஓரம் நடைபாதையும் எரிவாயு விளக்குகளும் வந்தன.

நாற்றமடிக்கும் நீர் எனப்பட்ட அதனைக் காணவே பின்னர் வெளியூரார் திரண்டனர். பண்டகசாலைகள் உணவகங்களும் கண்ணாடிக் கடைகளும் ஆயின. ஜப்பான் வங்கிக் கிளை 2002இல் மூடப்பட்டு அருங்காட்சியகமாயிற்று. ஆயினும், 1964இல் 2,07,000ஐத் தொட்ட மக்கள்தொகை இன்று 1,10,000க்கும் கீழே. கால்வாய் பயணிகளைத் தந்தது; புறப்பட்டுப்போன இளைஞர்களை மீட்டுத் தரவில்லை.

விளக்குகளின் வரிசை முடியும் இடத்திலிருந்து வடக்கே நடந்தால், வடகால்வாய் எனப்படும் பகுதி வரும். அங்கு மட்டும் நீர் பழைய 40 மீட்டர் அகலத்திலேயே கிடக்கிறது. சிறு படகுகள் சில கட்டப்பட்டிருக்கின்றன. பயணிகளுள் அவ்வளவு தூரம் வருவோர் சிலரே.