போருக்குப் பிந்தைய கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த 1945 செப்டம்பருக்கும் மலாயா விடுதலை பெற்ற 1957 ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில், கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அவற்றைச் சூழ்ந்த ரப்பர் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழர் அதுவரை காணாத மாற்றங்களைக் கண்டனர். துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் அடங்கி நடந்த தோட்டத் தொழிலாளி சங்கம் சேர்ந்தான், வேலைநிறுத்தம் செய்தான், அரசியல் பேசினான். 1948-இல் வந்த அவசரகாலச் சட்டம் அந்த எழுச்சியை ஒடுக்கியது. இக்காலம் பெரும்பாலும் மலாயா இந்தியர் காங்கிரசின் தோற்றக் கதையாகவே சொல்லப்பட்டுவருகிறது. ஜப்பானியரின் ரயில் பாதை வேலைக்குச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போய்த் திரும்பாதவர்களையும் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவரையும் விட்டுவிட்டால் அந்தக் கதை பாதிதான்.

போருக்கு முன்

எழுச்சியின் விதை போருக்கு முன்பே கிள்ளானில் விழுந்திருந்தது. 1941-இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடர் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. மலாயா மத்திய இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அவற்றுக்கு வழிகாட்டினார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் அத்துமீறலுக்கு முடிவு ஆகியவை கோரிக்கைகள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. கூலிக்கு நிகராக மானத்தையும் கேட்ட போராட்டம் அது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் அவர்கள் வசமாயிற்று. தமிழரை அதட்டி வேலை வாங்கிய துரைமார் தோட்டங்களைக் கைவிட்டு ஓடியதைத் தொழிலாளர் கண்ணால் பார்த்தனர். பழைய பயம் அதன் பிறகு முழுதாகத் திரும்பவே இல்லை.

ஜப்பான்காரன் காலம்

ரப்பர் ஏற்றுமதி நின்றது, பர்மா அரிசி வரத்து அற்றது, மரவள்ளிக்கிழங்கே சோறானது. இவற்றினும் பெரிய அடி சயாம்–பர்மா ரயில் பாதை. 1942 நடுப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த இந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். சில மாத வேலை, நல்ல கூலி என்ற ஆசைவார்த்தையில் தொடங்கிய ஆள்சேர்ப்பு, போகப் போகக் கட்டாயப் பிடிப்பாக மாறியது. காலரா, மலேரியா, வயிற்றுப்போக்கு, பட்டினி ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கினராவது பலியானார்கள் என்பதே குறைந்த மதிப்பீடு. பல ஆய்வாளர்கள் இதைவிட அதிகம் என்கிறார்கள். அதே பாதையில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளோடு அவர்களுடைய படை மருத்துவர்களும் இருந்தனர். தோட்டத்தான் தன் நோயோடு தனியாகக் கிடந்தான்.

1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றதும், மலாயாத் தோட்டங்களிலிருந்து இளைஞர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் பதின்பருவத்திலேயே அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இணைந்து, அதன் தளபதிகளில் ஒருவராக உயர்ந்தார். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்டவர் இவரே. போர்க்களத்தில் இந்திய தேசிய ராணுவம் தோற்றது உண்மை. ஆனால் ‘ஜெய் ஹிந்த்’ சொல்லி நிமிர்ந்து நடக்கப் பழகியவர்கள் மறுபடி குனிந்து பால்மரம் வெட்டப் போனபோது, அவர்களை ஆள்வது துரைமாருக்கு எளிதாக இருக்கவில்லை.

திரும்பி வந்த ஆட்சி

1945-இன் தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் கோலாலம்பூர் ரயில் பட்டறைகளைக் குறிவைத்துக் குண்டு வீசின. மார்ச்சில் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் மீதும் குண்டு விழுந்தது. இன்றைய தேசிய அருங்காட்சியகம் நிற்பது அந்த இடத்தில்தான். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும், பிரிட்டிஷார் வந்து சேரும்வரை பல ஊர்கள் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் கையில் இருந்தன. செப்டம்பர் 9-இல் பிரிட்டிஷ்–இந்தியப் படைகள் மோரிப் கடற்கரையில் இறங்கின. கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கழகத்தில் செப்டம்பர் 13-இல் சரணடைவு ஒப்பந்தம் கையெழுத்தானது.

பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் ஜப்பானிய நோட்டுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. சேமித்தவர் கையில் வெறுங்காகிதம் மிஞ்சியது. அரிசி பங்கீட்டில் கிடைத்ததைவிடக் கள்ளச்சந்தையில் அதிகம் புழங்கியது. விலை பல மடங்கு ஏறியிருக்க, கூலியைப் போருக்கு முந்திய கணக்கிலேயே வைத்திருக்கத் தோட்ட முதலாளிகள் முயன்றனர். சயாமில் உயிர் பிழைத்தவர்கள் 1946 வரை சிறுகச் சிறுகத் திரும்பினர். புருஷன் வராத வீடுகளில் பெண்களே பால்மரம் வெட்டிக் குடும்பத்தைக் கரைசேர்த்தனர். 1946 மார்ச்சில் நேரு சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தார். இந்திய தேசியக் காங்கிரஸ் மருத்துவக் குழு ஒன்றை அனுப்பியது. ஆதரவற்ற பிள்ளைகளின் நிலை கண்டு செயல்பட்டவர்களில் சுவாமி சத்தியானந்தா குறிப்பிடத்தக்கவர். அவர் 1949-இல் நிறுவிய சுத்த சமாஜம் பூச்சோங் சாலையில் இன்றும் பிள்ளைகளை வளர்க்கிறது.

1931 கணக்கெடுப்பில் சிங்கப்பூர் உட்பட மலாயாவில் சுமார் 6,20,000 இந்தியர் இருந்தனர். 1947-இல் சுமார் 6,00,000. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்ததும் இந்தக் குறைவுக்கு ஒரு காரணம். ஆயினும் பதினாறு ஆண்டுகளில் ஒரு சமூகம் வளராமல் சுருங்கியதில் சயாமின் பங்கை மறைக்க முடியாது.

சங்கமும் கட்சியும்

1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) உருவானது. போஸின் இயக்கத்தில் பங்கேற்ற வழக்கறிஞர் ஜான் திவி அதன் முதல் தலைவர். ஜானகியும் தொடக்கக்கால உறுப்பினர். தலைமை பெரும்பாலும் ஆங்கிலம் கற்றோர் கையில் இருந்தது. தோட்டத் தமிழரை அப்போது திரட்டியது தொழிற்சங்கங்களே. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தில் சீனரும் தமிழரும் ஒரே மேடையில் நின்றனர். கடாவில் தொண்டர் படை என்ற தோட்ட இளைஞர் அமைப்பு கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. 1947 அக்டோபர் 20-இல், மலாய்க்காரர் அல்லாதாரின் குடியுரிமையைச் சுருக்கும் அரசியலமைப்புத் திட்டத்துக்கு எதிராக நாடு தழுவிய கடையடைப்பு நடந்தது. அதை நடத்திய பல இனக் கட்சிகளின் கூட்டணியில் ம.இ.கா.வும் இருந்தது. இனம் கடந்த அரசியல் ஒன்று மலாயாவில் உருவாக வாய்ப்பிருந்த ஆண்டு 1947 என்றே சொல்ல வேண்டும்.

1948 ஜூனில், தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதை அடுத்து, அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. சம்மேளனம் சட்டவிரோதமானது. அதன் தலைவர் எஸ். ஏ. கணபதி தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். 1949 மார்ச் 1-இல் ரவாங் அருகே துப்பாக்கியுடன் பிடிபட்டார். அதை ஒப்படைக்கவே எடுத்துச் சென்றதாக அவர் சொன்னது ஏற்கப்படவில்லை; அவசரகாலச் சட்டப்படி மரண தண்டனை விதிக்கப்பட்டது. நேரு அரசு உயிர்ப்பிச்சை கேட்டது. மலாயாவில் அப்போது இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்தவர் அதே ஜான் திவி. மே 4-இல் கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் அவரது தோழர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். ஆயுதம் வைத்திருந்ததற்காக ஒரு தொழிற்சங்கத் தலைவரின் உயிரை இரண்டே மாதத்தில் பறித்தது நீதியைவிட அச்சுறுத்தலுக்கே நெருக்கமானது.

அடுத்த ஆண்டுகளில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளரை மக்களிடமிருந்து பிரிக்க வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் தோட்ட லயங்களும் முள்வேலிக்குள் ஒடுக்கப்பட்டன. அரசுக்கு ஏற்புடைய மிதவாதச் சங்கங்கள் வளர்ந்தன. பி. பி. நாராயணன் தலைமையில் 1954-இல் அவை தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுபட்டன. கூலி பேசித் தீர்க்கும் முறை வேரூன்றியது உண்மையான ஆதாயம்தான். ஆனால் 1941-இல் கேட்ட நல்ல பள்ளியும் நல்ல மருத்துவமும் பல தோட்டங்களில் கேள்வியாகவே தொடர்ந்தன. 1955-இல் ம.இ.கா. தலைமைக்கு வீ. தி. சம்பந்தன் வந்தார். கட்சி மலாய்க்காரர் கட்சியான அம்னோ, சீனர் கட்சியான ம.சீ.ச. இரண்டோடும் கூட்டணியில் நின்று விடுதலைக்குப் போனது.

விடுதலைக்குப் பின் மண்ணில் பிறப்போருக்குக் குடியுரிமை உறுதியானது. ஏற்கெனவே இருந்தோர் பலர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எழுத்தறியாத தோட்டத்தார் பலர் விண்ணப்பிக்கவே இல்லை. 1969-இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச்சீட்டு கட்டாயமானபோது சுமார் 60,000 இந்தியர் நாட்டைவிட்டுப் போனதாகக் கணிக்கப்படுகிறது.

நினைவு

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் சீராகப் பராமரிக்கப்படும் கல்லறைத் தோட்டத்தில் நினைவுகூரப்படுகின்றனர். அங்கே இறந்த தமிழருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. 1967-இல் மலேசியாவும் ஜப்பானும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கிடைத்த ஈட்டுத்தொகை 2.5 கோடி வெள்ளி, சரக்குக் கப்பல்களாக வந்தது. சயாமில் தகப்பனை இழந்த குடும்பங்களின் கைக்கு அதிலிருந்து எதுவும் போகவில்லை. அரசுக் கோப்புகள் தொகுக்காத இந்த இழப்பை மலேசியத் தமிழ் நாவலாசிரியர்களே முதலில் விரிவாக எழுதிவைத்தனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய இரண்டும் இக்காலத்தை ஆராய்வோர் பிரிட்டிஷ் ஆவணங்களோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை.