அற்வூட்டின் கப்பி: இயக்கத்தின் அளவை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

உயர்தர வகுப்பிற் கணிதம் பயின்றோர் யாவரும் ‘ஒப்பமான இலேசான கப்பி’ எனத் தொடங்கும் கணக்கினைச் செய்தேயிருப்பர். அக்கப்பிக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பாடநூல்கள் கூறுவதில்லை.

கேம்பிறிட்ஜ் திரித்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜோர்ஜ் அற்வூட் (1745–1807) இப்பொறியை 1784 இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். சுயாதீனமாக விழும் பொருளின் வேகத்தை அக்காலக் கடிகாரங்களால் அளத்தல் அரிது. எனவே சமமான இரு திணிவுகளை இழையிற் கட்டி, ஒன்றின்மீது சிறு மேலதிகத் திணிவை வைத்து, வீழ்ச்சியை மெதுவாக்கினார். கப்பியின் அச்சு நான்கு சில்லுகளின் விளிம்பில் தாங்கப்பட்டமையால் உராய்வு பெரிதும் குறைந்தது. ‘ஒப்பமான’ என நாம் ஒரு சொல்லிற் கடந்துவிடுவது கருவி வினைஞரின் கைத்திறனேயாம்.

பக்கத்திற்கு 500 கிராமும் மேலதிகமாக 20 கிராமும் கொள்வோம். இயக்கும் விசை 20 கிராமின் நிறை மட்டுமே; இயங்கும் திணிவோ 1020 கிராம். கப்பியின் சடத்துவத்தைப் புறக்கணித்தால் ஆர்முடுகல் 9.8 இன் 51 இல் ஒரு பங்கு, அதாவது செக்கனுக்குச் செக்கன் ஏறத்தாழ 0.19 மீற்றர். ஒரு மீற்றர் வீழ்ந்ததும் வேகம் செக்கனுக்கு 0.62 மீற்றர், இயக்கசக்தி 0.196 யூல். இழந்த அழுத்தசக்தியும் அதுவே. வேகத்தை இரட்டிப்பாக்க இருமடங்கு நேரம் போதும். ஆனால் நான்கு மடங்கு தூரம் வீழ்தல் வேண்டும்.

பெரும் விவாதம் இங்கேதான் இருந்தது. தெக்காட்டின் அளவையை மறுத்து, வேகத்தின் வர்க்கமே இயக்கத்தின் அளவை என 1686 இல் லைப்னிற்ஸ் வாதிட்டார். நீர்ச்சில்லுகளை ஆராய்ந்த பொறியியலாளர் சிமீற்றனின் 1776 ஆம் ஆண்டுப் பரிசோதனைகளும் வர்க்கத்தையே காட்டின. நீர்ச்சில்லை இயக்குபவனுக்கு நீர் எவ்வளவு உயரத்திலிருந்து வீழ்கிறது என்பதே பொருட்டு. அற்வூட்டோ இத்தகைய பரிசோதனைகள் நியூற்றனின் விதிகளுக்கு முரணானவையல்ல என நிறுவவே தம் பொறியைப் பயன்படுத்தினார்.

நியூற்றனிடத்துச் சக்திக் கோட்பாடு இல்லாமைக்கு அவர்காலப் பொருளுற்பத்தியே காரணம் என 1931 இல் லண்டனில் வாதிட்டவர் ஹெசன். (1936 இல் அவர் சோவியத் ஆட்சியினாலேயே கொல்லப்பட்டமை இங்கு மறைக்கத்தக்கதன்று.) அவர் கூற்றிற் பேருண்மை உண்டு, ஆயினும் அதனை அற்வூட்டுக்கு அப்படியே பொருத்துதல் தகாது. கைத்தொழிற் புரட்சியின் நடுவே தோன்றியபோதிலும் அவரது பொறி எந்தச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் உதவியதன்று. அது விரிவுரை மண்டபத்தின் கருவி. அவரை ஆதரித்தவரும் ஆலை முதலாளியல்லர். 1784 இல் அவருக்குச் சுங்கப் பதவியொன்றை அளித்த பிரதமர் பிற்றேயாவார்.

பொறிகளின் பயனைக் கணிக்க முற்பட்ட கொரியோலிஸ் 1829 இல் ‘வேலை’ என்பதை வரையறுத்து, வர்க்கத்தின் முன் அரையைச் சேர்த்தார். ஏங்கெல்ஸ், 1925 இல் வெளிவந்த ‘இயற்கையின் இயக்கவியல்’ குறிப்புகளில், இரு அளவைகளுக்கும் இடமளித்தார்: பொறிமுறை இயக்கம் அவ்வாறே கைமாறும்போது உந்தம், அது வெப்பம் முதலிய வேறு வடிவமாக மாறும்போது இயக்கசக்தி. அற்வூட்டின் கப்பியில் நேரத்தை எண்ணுபவன் முன்னதையும், தூரத்தை அளப்பவன் பின்னதையும் பெறுகிறான்.