யமனாகாவுக்கு முன்னால் ஒரு தட்டு

ஸ்டெம் செல் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் கதை பெரும்பாலும் 2006-ல்தான் ஆரம்பிக்கும். கியோட்டோவில் ஷின்யா யமனாகா எலியின் செல்லுக்குள் நாலே நாலு ஜீன்களைச் செலுத்தினார், அது பின்னோக்கிப் போய் கருவில் இருக்கும் செல் மாதிரி ஆகிவிட்டது, 2012-ல் நோபல் பரிசு. அருமையான கதைதான், இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்கு 30 வருஷம் முன்னாடி ஒரு கண்ணாடித் தட்டில் நடந்த விஷயத்தை யாரும் அவ்வளவா பேசறதில்லை. அந்தத் தட்டுக்காக வக்காலத்து வாங்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

முதலில் மெத்தில் சமாச்சாரம். நம்ம உடம்பில் கிட்டத்தட்ட எல்லா செல்லிலும் இருக்கிறது ஒரே டிஎன்ஏ. கல்லீரல் செல், தசை செல், தோல் செல் எல்லாரிடமும் ஒரே சமையல் புத்தகம்னு வெச்சுக்குங்க. ஆனா தோல் செல் தன் வாழ்நாளில் தசைக்கான பக்கத்தைத் திறப்பதே இல்லை. ஏன்? அந்தப் பக்கங்கள் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கு. அந்தப் பசைகளில் ஒண்ணுதான் மெத்தில். ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன், அவ்வளவுதான். டிஎன்ஏவின் நாலு எழுத்துகளில் சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். மனித டிஎன்ஏவில் இது ஒட்டக்கூடிய முக்கியமான இடங்கள் சுமார் 2 கோடியே 80 லட்சம். சாதாரண செல்லில் அதில் முக்கால்வாசி இடங்களில் பசை ஒட்டியிருக்கும்.

சரி, செல் இரண்டாகப் பிரியும்போது புத்தகத்தையும் நகல் எடுக்கணுமே, பசை என்ன ஆகும்? 1975-ல் அமெரிக்காவில் ஆர்தர் ரிக்ஸ் என்பவரும், இங்கிலாந்தில் ராபின் ஹாலிடே, ஜான் பியூ இருவரும் தனித்தனியாக ஒரே யோசனையைச் சொன்னார்கள். நகல் எடுத்ததும் ஒரு என்சைம் வந்து பழைய பிரதியைப் பார்க்கும், எங்கே பசை இருக்கோ அதே இடத்தில் புதுப் பிரதியிலும் தடவிவிட்டுப் போகும். அப்படின்னா செல்லுக்கு ஞாபகம் உண்டு. தான் யார் என்பதை அது மகள் செல்லுக்குச் சொல்லிக் கொடுக்குது. அருமையான யோசனை. ஆனா கையில் சோதனை ஆதாரம் கிடையாது.

இப்ப தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜோன்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர். அவருடைய கவலையே வேற. புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தே நல்ல செல்லைப் புற்றுநோய் செல்லாக மாற்றிவிடுமா? நியாயமான சந்தேகம்தானே. இதைச் சோதிக்க அவர் எடுத்துக்கொண்டது 10டி1/2 என்ற எலிக்கரு செல் வகை. 1973-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், சார்லஸ் ஹைடல்பெர்கரின் ஆய்வகத்தில் உருவாக்கியது. தட்டில் ஒழுங்காக ஒற்றை அடுக்காகப் பரவும், இடம் நிரம்பியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். ஏதாவது கெட்டுப்போனால் மேலே மேலே குவியும். பார்த்தவுடன் தெரிஞ்சுடும்.

அவர் சோதித்த மருந்துகளில் ஒன்று 5-அசாசைட்டிடின். 1964-ல் செக்கோஸ்லோவாக்கியாவில், பிராக் நகரத்து வேதியியலாளர்கள் பிஸ்கலாவும் ஷார்மும் தயாரித்தது. சைட்டோசின் எழுத்துக்குப் போலி. ஒரே ஒரு கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன். ரத்தப் புற்றுநோய்க்கு அந்தக் காலத்தில் அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளியை ரொம்பவே படுத்தும் விஷம் அது.

மருந்து போட்டு நாட்கள் கழித்துத் தட்டைப் பார்த்தால் குவியல் இல்லை. நீள நீளமாக, ஒரே செல்லுக்குள் பல உட்கருக்களோடு என்னமோ கிடக்கிறது. தசை நார்! உண்மையான, வரிகள் உள்ள, சுருங்கி வேலை செய்யும் தசை. அதுவரை தசையாகும் அறிகுறி எதையும் காட்டாத செல்கள் அவை. கான்ஸ்டான்டினிடிஸ், ஜோன்ஸ், கெவர்ஸ் மூவரும் 1977-ல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார்கள்.

இதைத் தற்செயல் அதிர்ஷ்டம்னு சொல்லி முடிச்சுடறாங்க. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேடியது புற்றுநோய்க் குவியல். அது இல்லையா, "இந்த மருந்து குவியலை உண்டாக்கவில்லை"ன்னு நோட்டில் எழுதிட்டு தட்டைக் கழுவி வெச்சிருக்கலாம். தசையைப் பார்த்தவர்கள்கூட, வேற செல் ஏதோ கலந்துபோச்சுன்னு தூக்கிப் போட்டிருக்கலாம். அவர் விடலை. அதே 1977-ல் லாஸ் ஏஞ்சலஸின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், ஷெர்லி டெய்லரோடு சேர்ந்து இதையே துருவினார். 1979-ல் அடுத்த செய்தி: தசை மட்டுமில்லை, கொழுப்பு செல்லும் குருத்தெலும்பு செல்லும்கூட வருது. 1980-ல் 'செல்' இதழில் காரணத்தையும் சொன்னார்கள்: மருந்து, மெத்தில் பசையைப் புதுப்பிக்க விடாமல் தடுக்குது.

எப்படின்னா, போலி எழுத்து புது டிஎன்ஏவுக்குள் போய் உட்கார்ந்துக்கும். பசை தடவ வரும் என்சைம் அதைத் தொட்டதும் கையே ஒட்டிக்கும், விடுபட முடியாது. பசைக்காரன் மாட்டிக்கிட்டா அடுத்தடுத்த நகல்களில் பசை குறைந்துகொண்டே போகும், ஒட்டியிருந்த பக்கங்கள் திறக்கும். ரிக்ஸும் ஹாலிடேவும் காகிதத்தில் சொன்னதற்கு, கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி கிடைத்தது. 10டி1/2 முழுசா முதிர்ந்த தோல் செல் இல்லை, கருவிலிருந்து வந்தது, அதனால் சில கதவுகள் ஏற்கனவே அருகில் இருந்தன என்பதையும் சொல்லணும். ஆனாலும் கதவு அழியவில்லை, பூட்டித்தான் இருக்கு என்பது நிரூபணமாச்சு.

ஒரு கேள்வி பாக்கி. பூட்டை எடுத்தா ஒரு செல் தசையாகுது, பக்கத்து செல் கொழுப்பாகுது. எது எதுவாகும்னு யார் தீர்மானிக்கிறது? சியாட்டிலில் ஹெரால்ட் வெய்ன்ட்ராபின் குழு இதைப் பிடித்துக்கொண்டது. 1986-ல் ஆண்ட்ரூ லாசரும் அவர்களும், இந்த மருந்தால் தசை வழிக்குப் போன செல்களின் டிஎன்ஏவை எடுத்து, மருந்தே பார்க்காத 10டி1/2 செல்களுக்குள் செலுத்தினார்கள். சில செல்கள் தசையாகின. எத்தனை மாறின என்று கணக்குப் போட்டதில், ஒன்றிரண்டு ஜீன்களே போதும்னு தோணுச்சு. 1987-ல் அந்த ஜீன் கையில் சிக்கியது. பெயர் மயோ-டி. இந்த ஒரு சாவியைக் கொடுத்தாலே செல் தசையாகிவிடும், மருந்தே வேண்டாம். வெய்ன்ட்ராப் 1995-ல், 49 வயதில், மூளைக் கட்டியால் இறந்துபோனார்.

ஒரு ஜீன் ஒரு செல்லின் தலையெழுத்தை மாற்றும்னா, சரியான சில ஜீன்கள் சேர்ந்து செல்லை ஆரம்பத்துக்கே கொண்டுபோகாதா? யமனாகா 24 ஜீன்களில் தொடங்கி நாலுக்கு வந்த கதையின் வேரில் இந்தக் கேள்வி இருக்கு. இன்னொண்ணு கேளுங்க. 2008-ல், பாதி வழியில் மாட்டிக்கொண்டு முழு ஸ்டெம் செல்லாக மாற முடியாமல் நின்ற செல்களுக்கு ஒரு மருந்தைக் கொடுத்து மீதி தூரத்தைக் கடக்க வைத்தார்கள். என்ன மருந்து? அதே 5-அசாசைட்டிடின்! ஒட்டியிருந்த பசைதான் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது.

இதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1992-ல் என் லீ, டிமோதி பெஸ்டர், ருடால்ஃப் ஜேனிஷ் மூவரும் பசைக்கார என்சைமின் ஜீனை எலியில் கெடுத்துப் பார்த்தார்கள். எலிக்கரு பாதியிலேயே செத்துப்போனது. ஆனா அதே குறையோடு இருந்த கரு ஸ்டெம் செல்கள் தட்டில் சௌக்கியமாக வளர்ந்தன. என்ன அர்த்தம்? எதுவாகவும் ஆகலாம் என்ற நிலையில் இருப்பவனுக்குப் பூட்டு இல்லாமலும் ஓடும். ஒரு வேலையில் உட்கார்ந்தவனுக்குத்தான் பூட்டு உயிர். நமக்கும் பொருந்துதோ? :-)

கடைசியா மருந்துக்கு என்ன ஆச்சு? அதிக அளவில் கொல்லும் விஷமாக இருந்தது, குறைந்த அளவில் பசையைத் தடுக்கும் என்று இந்த ஆராய்ச்சிகள் காட்டின. எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள் கோணலாகிப் போகும் 'மைலோடிஸ்பிளாஸ்டிக்' நோய்க்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2009-ல் வெளியான பெரிய ஆய்வில், நோய் முற்றியவர்களில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் சராசரியாக 15 மாதம் வாழ்ந்தார்கள், இந்த மருந்து பெற்றவர்கள் 24.5 மாதம். நோய் குணமாகிவிடவில்லை. பசை குறைவதால்தான் பலனா, வேறு வழியிலும் வேலை செய்யுதா என்ற வாதமும் முடியவில்லை. ஆனா அந்த ஒன்பதரை மாதம் ஒரு குடும்பத்துக்கு என்னன்னு நான் சொல்லணுமா? ஒரு பேரப்பிள்ளை பிறந்து கையில் வாங்கிக்கொள்ளப் போதுமான காலம்.

மருந்து கண்டுபிடிச்சது 1964, தட்டில் தசை தெரிஞ்சது 1977, மருந்துக்கடைக்கு வந்தது 2004. முழுசா 40 வருஷம். இதில் ஜோன்ஸ் ஆரம்பித்த கேள்விக்கும் கடைசியில் கிடைத்த பதிலுக்கும் நேர் சம்பந்தமே இல்லை. "இந்த ஆராய்ச்சியால் என்ன பயன்"னு விண்ணப்பப் படிவத்தில் முதல் பக்கத்திலேயே கேட்கிறார்களே, 1977-ல் அவரிடம் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்?

இந்த மாதிரி ஓரமாக விடுபட்ட அறிவியல் கதைகள் உங்களுக்குத் தெரிந்தால் நீங்களும் ஒரு பதிவு போடுங்க. படிக்க நான் ரெடி.