பின் இருக்கையில் இருப்பவர்

விழிப்புலனற்ற ஒருவர் டாண்டம் சைக்கிளில் பதக்கம் வென்றார் எண்டு சொன்னால், உடனே வாற கேள்வி, "முன்னால ஓட்டினது ஆர்?" கேள்வியில் பிழையில்லை. கேட்கிற தொனியில்தான் தீர்ப்பும் இருக்கு: முன்னால இருக்கிறவர் ஓட்டுறார், பின்னால இருக்கிறவர் ஏறிப் போறார். எங்கட டபிள்ஸ் பழக்கமும் அப்படித்தான் நினைக்க வைக்கும்.

டாண்டம் என்பது டபிள்ஸ் இல்லை. அதில் இரண்டு சோடி பெடல், இரண்டையும் இணைக்கிற ஒரு சங்கிலி. ஒருவர் மிதித்தால் மற்றவரின் காலும் சுற்றியே ஆகவேணும். பந்தய மைதானத்தில் ஓடும் டாண்டத்துக்குப் பிரேக்கும் கிடையாது. முன்னால் இருந்து ஹான்டில் பிடிப்பவர் பைலட். பின்னால் இருப்பவரை ஆங்கிலத்தில் ஸ்டோக்கர் என்பார்கள். நீராவி எஞ்சினுக்கு நிலக்கரி அள்ளிப் போடுபவருக்கும் அதே பெயர்தான். சும்மா ஏறிப் போகிறவருக்கு ஆரும் அப்படிப் பெயர் வைக்க மாட்டினம்தானே.

ஒலிம்பிக்கில் டாண்டம் போட்டி 1908இல் லண்டனில் நடந்தது. 1972 மியூனிக்கோடு அதை நிறுத்திவிட்டார்கள். பரா ஒலிம்பிக்கில் சைக்கிளோட்டம் சேர்ந்தது 1984இல். ஒலிம்பிக் கைவிட்ட வண்டி இன்றைக்கும் அங்கே ஓடுவது விழிப்புலனற்றோரால்தான்.

இனி அந்தக் கேள்விக்கு வருவம். 2008 பீஜிங்கில் பிரித்தானியாவின் அன்ரனி கப்பஸ் 1000 மீற்றர் நேர ஓட்டத்திலும் ஸ்பிரின்ற்றிலும் தங்கம் வென்றார். பைலட் பார்னி ஸ்டோரி. நல்ல பைலட் கிடைச்சதாலதான் எண்டு அப்போது சொல்லியிருக்கலாம். நாலு வருசத்தில் லண்டனில் ஸ்டோரி வேறொருவருக்கு முன்னால் இருந்தார். அவர் ஸ்கொட்லாந்துக்காரர் நீல் ஃபாக்கி. விழித்திரை மெல்ல மெல்லப் பழுதாகும் பரம்பரை நோய் உள்ளவர், பீஜிங்கில் ஓட்ட வீரராகப் போட்டியிட்டுவிட்டுச் சைக்கிளுக்கு வந்தவர். கப்பஸுக்குப் புதிய பைலட் கிரெய்க் மக்லீன், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர்.

1000 மீற்றரில் கப்பஸின் வண்டி தொடக்கத்திலேயே பழுதாகிவிட்டது. ஃபாக்கியும் ஸ்டோரியும் உலக சாதனையோடு தங்கம் வென்றார்கள். ஆனால் ஸ்பிரின்ற் இறுதியில் இரண்டு சோடியும் மோத, கப்பஸ் தன்ர பழைய பைலட்டைத் தோற்கடித்தார்.

மக்லீன்தான் ஸ்டோரியை விடக் கெட்டிக்காரர் எண்டு வாதாடலாம், சரி. அப்படியென்றால் ஃபாக்கியை எடுப்பம். 2012இல் ஸ்டோரியோடு தங்கம். 2016 ரியோவில் பீற் மிற்செலோடு வெள்ளி. 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் மட் ரொதரமோடு 58.038 செக்கனில் உலக சாதனையும் தங்கமும். எல்லாமே அதே 1000 மீற்றர். மூன்று தரமும் முன்னால் இருந்த ஆள் மாறியிருக்கிறார், பின்னால் இருந்தவர் மாறவில்லை. பார்வையுள்ளவர் இழுத்துக்கொண்டு போற வண்டியில் இது நடக்குமா?

பைலட்டைச் சின்னதாக்க வேணும் எண்டு நான் சொல்லவில்லை. சரிவான வளைவில், எதிரில் இருப்பதைப் பார்க்காமலே முழு வேகத்தில் மிதிக்க ஒருவர் துணிகிறார் என்றால், முன்னால் இருக்கிற முதுகை அவர் அவ்வளவு நம்புகிறார்.

ஃபாக்கியின் மனைவி லோராவும் விழிப்புலனற்ற வீராங்கனைதான். டோக்கியோவில் அவரும் பைலட் கொரின் ஹோலும் வேறொரு போட்டியில் தங்கம் வென்றார்கள். கணவன், மனைவி இருவரும் வென்றது 16 நிமிச இடைவெளியில். பைலட்டுக்கும் பதக்கம் உண்டு என்பதால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நாலு பேருக்குத் தங்கம் கிடைத்தது.